'கொல்லாதது வலுவாக்கும்' என்று எழுதிய நீட்சே ஏன் நொறுங்கினார்?

கேள்வி இதுதான்: "என்னைக் கொல்லாதது என்னை வலுவாக்கும் என்று எழுதியவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்சே. அவரே கடைசியில் சித்தம் கலங்கி, பதினோரு வருடம் அம்மாவும் தங்கையும் பார்த்துக்கொள்ள, ஒன்றுமறியாமல் கிடந்து செத்தார். அப்படியானால் துன்பத்தைப் பற்றிய அவருடைய தத்துவம் அவர் வாழ்க்கையிலேயே தோற்றுப்போனது என்றுதானே அர்த்தம்?"

இல்லை என்பது என் பதில். ஆனால் அவருடைய ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 'துன்பப்படு, உயர்வாய்' என்று அவர் ஊருக்கு உபதேசம் செய்ததாக நினைத்துக்கொண்டு அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ பேசுகிறவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள், இருவருமே அந்த ஒற்றை வரியைத் தாண்டிப் படித்ததாகத் தெரியவில்லை. 1888இல் எழுதிய 'சிலைகளின் அந்தி' நூலில், குட்டிக்குட்டி வாசகங்களின் வரிசையில் எட்டாவதாக வருவது அது. 'வாழ்க்கை என்னும் போர்ப் பள்ளியிலிருந்து' என்று ஒரு முன்னொட்டும் உண்டு, அதை எல்லோரும் வெட்டிவிடுகிறார்கள். 'என்னை' என்றுதான் இருக்கிறது, 'எல்லோரையும்' என்று இல்லை. இன்னொன்று, அந்தப் புத்தகம் 1889 ஜனவரி கடைசியில் வெளிவந்தபோது அவர் யேனா நகரத்து மனநல மருத்துவமனையில் இருந்தார். இந்த முரண் கண்ணைப் பறிப்பதால்தான் உங்கள் கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம், ஏனென்றால் இதை இரண்டு வரியில் தாண்டிவிட்டு 'நோயும் தத்துவமும்' என்று பேசுவதில் பயனில்லை.

அப்பா லூத்தரன் பாதிரியார், 1849இல் 35 வயதில் மூளை நோயால் இறந்தார். அப்போது நீட்சேவுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டே குட்டித் தம்பி போனான். பள்ளிக்கூட நாட்களிலேயே தலைவலிக்காக அடிக்கடி நோயறையில் படுத்தவர். பார்வையும் சிறுவயதிலிருந்தே மிக மோசம். 24 வயதில் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1870இல் பிரான்ஸ்–பிரஷ்யா போரில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியராகப் போய் வயிற்றுக்கடுப்பும் தொண்டை அடைப்பானும் வாங்கிக்கொண்டு திரும்பினார். 1875 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரேயடியாக விழுந்தபோது, அப்பாவுக்கு வந்ததுதான் தனக்கும் வருகிறது, ஒருவேளை இன்னும் சீக்கிரமாக வரலாம் என்று நண்பருக்கு எழுதினார். 1879இல் வேலையை விட்டார், பிறகு ஓய்வூதியம்தான். அந்த ஒரே ஆண்டில் கடுமையான தாக்குதல் வந்த நாட்கள் 118 என்று அவரே எண்ணி வைத்திருக்கிறார், லேசானவற்றை எண்ணவில்லை என்றும் சொல்கிறார். தாக்குதல் என்றால் நாள்கணக்கில் நீளும் தலைவலி, ஓயாத வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கண்.

இந்த நிலையில் ஒருவர் எப்படிப் புத்தகம் எழுதுவார்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. 1879 கோடையில் சுவிஸ் மலைகளில் இருந்தபோது எழுதிய 'வழிப்போக்கனும் அவன் நிழலும்' நூலைப் பற்றித் தன் நண்பர் பீட்டர் காஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சில வரிகள் தவிர மொத்தப் புத்தகமும் நடக்கும்போது யோசித்தது, ஆறு சிறு நோட்டுகளில் பென்சிலால் கிறுக்கியது. அதைச் சுத்தப் பிரதியாக்கும் வேலை ஒவ்வொரு முறையும் அவர் உடம்பைக் கெடுத்தது. நீளமான, முக்கியமான இருபது சிந்தனைத் தொடர்களை விட்டுவிட நேர்ந்ததாம், அந்தப் பென்சில் கிறுக்கலிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க நேரமும் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. தன் மூளையும் கண்ணும் தன்மீது திணிக்கும் 'பாழாய்ப்போன தந்தி நடை' என்று அவரே புலம்புகிறார். நீட்சேயின் துண்டுதுண்டான எழுத்துமுறையை வியந்து எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, அதன் தொடக்கத்தில் பாதி, உட்கார்ந்து நாற்பது பக்கம் தொடர்ந்து எழுத முடியாத ஒரு மனிதனின் கையாலாகாத்தனம். 1882இல் டென்மார்க்கிலிருந்து ஒரு தட்டச்சு இயந்திரம்கூட வரவழைத்தார், அரைக்கோள வடிவத்தில் ஊசிமெத்தை மாதிரி இருக்கும், பார்க்காமலே தட்டலாம் என்ற ஆசை. வழியிலேயே அடிபட்டு வந்தது, சில வாரங்களில் கைவிட்டார். ஆனால் அதில் தட்டிய ஒரு கடிதத்தில், எழுதும் கருவியும் நம் எண்ணங்களோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் மருந்துகள். தூக்கத்துக்குக் குளோரல் ஹைட்ரேட். இத்தாலியில் 'டாக்டர் நீட்சே' என்று கையெழுத்துப் போட்டுத் தானே மருந்துச்சீட்டு எழுதிக்கொள்வதாகவும், கடைக்காரர் யாரும் கேள்வி கேட்டதில்லை என்றும் அவர் சொன்னதாக ரேஸா ஃபான் ஷிர்ன்ஹோஃபர் என்ற தோழி நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மற்றபடி காற்று, உயரம், ஈரப்பதம், உணவு. கோடையில் சில்ஸ் மரியா, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர். குளிர்காலத்தில் ஜெனோவா, நீஸ் என்று கடற்கரை ஊர்கள். வீடு என்று ஒன்று இல்லை, வாடகை அறைகள்தான்.

நண்பராக இருந்த இசையமைப்பாளர் வாக்னர் செய்ததையும் சொல்ல வேண்டும். 1877இல் நீட்சேயைப் பரிசோதித்த டாக்டர் ஐசருக்கு வாக்னர் கடிதம் எழுதி, இதற்கெல்லாம் காரணம் சுயஇன்பப் பழக்கமாகத்தான் இருக்கும் என்று தன் பங்குக்கு ஒரு நோயறிதல் சொன்னார். பின்னால் இது நீட்சே காதுக்கு வந்தது. இருவரும் பிரிந்ததற்குக் கொள்கைக் காரணங்கள் ஏராளம், ஆனால் நோயாளியைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் நண்பரும் டாக்டரும் கூடிப் பேசியது எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரக்கத்தைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வராமல் இருப்பதில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இந்த நோயிலிருந்து அவர் என்ன எடுத்தார்?

என்னைக் கேட்டால் இந்தக் கேள்விக்கு அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தது 1881இல் வந்த 'வைகறை' நூலின் 114ஆம் பகுதி. நீண்டகாலம் கடும் வலியில் இருப்பவன், அறிவு மட்டும் கலங்காமல் இருந்தால், உலகத்தை எப்படிப் பார்க்கிறான் என்பதை அங்கே படிப்படியாகச் சொல்கிறார். முதலில் ஒரு பயங்கரமான குளிர்ச்சி வருகிறது. ஆரோக்கியமானவன் கண்ணுக்குப் பொருள்களின்மேல் தெரியும் பளபளப்பெல்லாம் உதிர்ந்துவிடுகிறது, தன்னையே அவன் நிறமில்லாமல் பார்க்கிறான். அடுத்தது சபலம்: 'எனக்கு வலிக்கிறது, ஆகவே வாழ்க்கையே கேவலம்' என்று தீர்ப்பு எழுதிவிடும் சபலம். இதற்கு எதிராக அவன் வரிந்துகட்டி நிற்கிறான். தன் உடம்பின் நிலை தன் வாயால் பேசிவிடக்கூடாது என்ற வீம்பு, வலி என்னும் கொடுங்கோலனுக்கு எதிராக வாழ்க்கையின் சார்பில் வக்காலத்து வாங்கும் வீம்பு. நோயில் நெடுநாள் கிடந்தவர்கள் இந்தக் கட்டத்தை உடனே அடையாளம் காண்பார்கள், வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைத்தான் 'என்ன தைரியம்!' என்று பாராட்டுவார்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். நீட்சே நிறுத்தவில்லை. குணமாகத் தொடங்கும் முதல் வெளிச்சத்தில் நாம் செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா, அந்த வீம்பையே எதிர்ப்பது என்கிறார். ஏதோ உலகத்தில் யாருக்கும் வராதது நமக்கு வந்தது போல் எவ்வளவு பெருமிதம், எவ்வளவு முட்டாள்தனம் என்று வெட்கம் வருகிறது. நம்மையே கொஞ்சம் மறக்க வேண்டும், வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. மனிதர்களும் இயற்கையும் மறுபடி கண்ணுக்கு இதமாகிறார்கள், ஆரோக்கியம் தன் பழைய மாய வித்தைகளைக் காட்டத் தொடங்கும்போது கோபம் வரவில்லை. ஆக, வலி தந்த பெருமையும் ஒரு நோய்க்குறிதான், அதிலிருந்தும் குணமாக வேண்டும். 'கொல்லாதது வலுவாக்கும்' வாசகத்தைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்பவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது 'களிப்பூட்டும் அறிவியல்' நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1886இல் எழுதிய முன்னுரை. வலி நம்மை 'மேம்படுத்தும்' என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் ஆழமாக்கும் என்பது தெரியும், இதுதான் அங்கே அவருடைய நிலை. இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. ஆழம் என்றால் நல்ல குணம் அல்ல. எதன்மீது நம்பிக்கை வைத்திருந்தோமோ அதெல்லாம் ஆட்டம் கண்டுவிடும், பழைய வெகுளித்தனத்தோடு இனி வாழ முடியாது, கேள்விகள் இன்னும் கடுமையாகும், அவ்வளவுதான்.

அதே முன்னுரையில் தத்துவவாதிகள் மீது ஒரு டாக்டரின் சந்தேகத்தையும் கிளப்புகிறார். சிலருக்குள் இருந்து அவர்களுடைய குறைபாடுகள் தத்துவம் பேசும், வேறு சிலருக்குள் இருந்து செல்வமும் வலிமையும் பேசும். அமைதியே எல்லாம், சலனமில்லாமையே இன்பம், இதற்கு அப்பால் ஏதோ ஒரு உலகம் என்று ஒரு தத்துவம் சொன்னால், இதைச் சொல்வது இவருடைய அறிவா, களைத்துப்போன உடம்பா என்று கேட்கலாம் என்கிறார். இளமையில் அவர் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடிய ஷோபன்ஹவரும் இந்தச் சந்தேகத்திலிருந்து தப்புவதில்லை. பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸைப் பற்றி மட்டும் அதே நூலில் வேறொரு இடத்தில் கொஞ்சம் கனிவாகச் சொல்கிறார்: அவருடையதைப் போன்ற ஒரு மகிழ்ச்சியைத் தொடர்ந்து துன்பப்பட்ட ஒருவரால்தான் கண்டுபிடித்திருக்க முடியும். (எபிகூரஸ் சிறுநீர் அடைப்பாலும் வயிற்றுக்கடுப்பாலும் துடித்துக்கொண்டே, நண்பர்களோடு பேசிய பேச்சுகளை நினைத்து மகிழ்வதாகக் கடைசிக் கடிதம் எழுதியவர்.) இந்தச் சோதனையைத் தனக்கும் போட்டுக்கொண்டதுதான் நீட்சேயின் நேர்மை. நான் சொல்வது நோயின் குரலா என்ற கேள்வியை அவர் கையில் வைத்துக்கொண்டே எழுதினார். ஆகவே 'நோயாளியின் புலம்பல்' என்று அவரை ஒதுக்குகிறவர், அவரிடமிருந்தே கடன் வாங்கிய ஆயுதத்தால் அவரை அடிக்கிறார்.

1887இல் வந்த 'ஒழுக்கத்தின் வம்சாவளி' இன்னொரு படி மேலே போகிறது. மனிதனை வாட்டியது துன்பம் அல்ல, 'ஏன் இந்தத் துன்பம்' என்ற கேள்விக்குப் பதில் இல்லாததுதான் என்று அதன் கடைசிப் பகுதி சொல்கிறது. துன்பப்படுகிறவன் யாராவது இதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று தேடுகிறான். துறவுக் குருமார் வந்து, ஆமாம், ஒருவன் காரணம்தான், அது நீயேதான் என்கிறார்கள். வலி அப்படியே இருக்கிறது, கூடவே குற்றவுணர்வு என்ற புது வலி சேர்கிறது. ஆனாலும் மனிதன் அதை ஏற்றுக்கொள்கிறான், அர்த்தமே இல்லாமல் இருப்பதைவிட ஏதோ ஒரு அர்த்தம் தேவலை. இன்றைக்குப் புற்றுநோய் வந்தவரிடம் 'நீங்கள் நேர்மறையாக யோசிக்கவில்லை, அதனால்தான்' என்று சொல்பவர்கள் அங்கி போடாத அதே குருமார்கள்தான்.

அப்படியென்றால் நோயில் என்ன செய்யச் சொல்கிறார்? வீரமாகப் போராடு என்று சொல்வார் என்று எதிர்பார்ப்போம். சொல்லவில்லை. தன்வரலாறான 'இதோ மனிதன்' நூலில் 'ரஷ்ய விதிவாதம்' என்று ஒன்றைப் பேசுகிறார்: படையெடுப்பு தாங்க முடியாமல் போகும்போது ரஷ்யச் சிப்பாய் பனியில் அப்படியே படுத்துவிடுவான், எதிர்க்கமாட்டான், எதையும் ஏற்கமாட்டான். நோயாளிக்குச் சக்தி குறைவு, அதை மிக வேகமாக எரித்துத் தீர்ப்பது வன்மமும் ஆத்திரமும் பழிவாங்கும் எண்ணமும்தான், ஆகவே அவற்றைத் தொடாதே. புத்தரை ஆழ்ந்த உடலியல் அறிஞர் என்று அவர் பாராட்டுவதும் இதே இடத்தில்தான்: பகையால் பகை தணியாது என்பதை ஒழுக்கப் போதனையாகப் பார்க்காமல் சுகாதார விதியாகப் பார்க்கிறார். தாங்க முடியாத இடங்களையும் மனிதர்களையும் பல ஆண்டுகள் பிடிவாதமாகச் சகித்துக்கொண்டே இருந்ததாக அவர் சொல்வதும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

இப்போது இரக்கம். நீட்சே இரக்கமற்றவர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 'களிப்பூட்டும் அறிவியல்' 338ஆம் பகுதியைப் படித்தால் வேறு மாதிரித் தெரியும். நம்மை ஆழமாக வருத்துவது எதுவோ அது பெரும்பாலும் மற்றவர்களுக்குத் தெரியாது, ஒரே தட்டில் சாப்பிடுகிறவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் நாம் துன்பப்படுகிறோம் என்று கண்டுகொண்ட மாத்திரத்தில் அவர்கள் அதை மேலோட்டமாகப் புரிந்துகொண்டு உதவ ஓடி வருகிறார்கள், அந்தத் துன்பத்தில் நமக்கே உரியதாக இருப்பதை அழித்துவிடுகிறார்கள். ஒருவருடைய நோய் அவருடைய வாழ்க்கையில் எங்கே பொருந்துகிறது, எதை மூடி எதைத் திறந்தது என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லாத பரிதாபம் அது. 'அய்யோ பாவம்' என்ற பார்வையின் கீழ் ஒரு வாரமாவது இருந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

சங்கடமான பகுதியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மேற்கோள் காட்டும் அதே 'சிலைகளின் அந்தி' நூலில் 'மருத்துவர்களுக்கான ஒழுக்கம்' என்று ஒரு பகுதி உண்டு. நோயாளி சமூகத்தின் ஒட்டுண்ணி, ஒரு கட்டத்துக்கு மேல் வாழ்வதே அநாகரிகம் என்று அங்கே எழுதுகிறார். எத்தனை சூழல் சொன்னாலும் இது கொடூரமான பக்கம், பின்னால் வந்தவர்கள் இந்த மாதிரிப் பேச்சை எங்கே கொண்டுபோனார்கள் என்பதும் தெரிந்ததுதான். எழுதி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவர் சொன்ன நிலைமை அவருக்கே வந்தது. 1897இல் தான் இறக்கும்வரை அம்மா ஃபிரான்சிஸ்கா அவரை நௌம்பர்க் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த அம்மாவின் உழைப்பு இந்தப் பக்கத்துக்கு எந்த வாதமும் இல்லாமலே பதில் சொல்கிறது.

1889 ஜனவரி தொடக்கத்தில் டூரின் நகரத்தில் நடந்ததற்கு வருவோம். குதிரையைக் கட்டிப்பிடித்து அழுத கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அச்சில் வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான், எவ்வளவு உண்மை என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உறுதியாகத் தெரிந்தது, 'டயோனிசஸ்' (கிரேக்கர்களின் மதுக் கடவுள்) என்றும் 'சிலுவையில் அறையப்பட்டவன்' என்றும் கையெழுத்திட்ட விசித்திரமான கடிதங்கள் நண்பர்களுக்குப் போயின, பதறிப்போன நண்பர் ஓவர்பெக் ரயிலேறி வந்து அவரைப் பாசலுக்கு அழைத்துப்போனார். அன்றைய மருத்துவர்கள் சொன்னது சிஃபிலிஸால் வரும் மூளைச் சிதைவு. அந்த நோய் முற்றியபின் பெரும்பாலும் சில ஆண்டுகளில் ஆளை முடித்துவிடும், இவரோ 1900 ஆகஸ்ட் வரை இருந்தார், தலைவலியும் சின்ன வயதிலேயே தொடங்கியது. அதனால் கண்ணுக்குப் பின்னால் மெதுவாக வளர்ந்த கட்டி, பரம்பரையாக வரும் ரத்தநாள நோய் என்று பின்னால் பல கருத்துகள் வந்தன. பிணப் பரிசோதனை நடக்கவில்லை, ஆகவே வாதம் முடியப்போவதில்லை. இவற்றில் எது சரியானாலும் அது மூளைத் திசுவுக்கு வந்த கேடு. அதீதமாகச் சிந்தித்ததால் பைத்தியம் ஆனார் என்பது கதை. தத்துவம் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அதே கதையின் மறுபக்கம், எந்தத் தத்துவமும் மூளையில் வளரும் கட்டியைக் கரைத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். 1888 இலையுதிர் காலத்தில் டூரினிலிருந்து எழுதிய கடிதங்களில், இவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை, எல்லாம் கைகூடுகிறது என்று மிதக்கிறார். அந்தக் குதூகலமே வரப்போகும் சரிவின் தொடக்கமாக இருக்கலாம். 'இதோ மனிதன்' எழுதப்பட்டது அதே வாரங்களில். அடிப்படையில் நான் ஆரோக்கியமானவன், நோய் எனக்கு உபகாரம்தான் செய்தது என்று அதில் அவர் சொல்லும் இடங்களை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். கண் கெட்டதால் பல ஆண்டுகள் புத்தகமே படிக்காமல் இருந்தது தனக்குத் தான் செய்துகொண்ட மிகப் பெரிய நன்மை என்கிறாரே, அது உண்மையாக இருக்கலாம், ஆனால் 1879இல் அப்படி எழுதவில்லை. 1880 ஜனவரியில் டாக்டர் ஐசருக்கு எழுதிய கடிதத்தில், இருப்பதே பயங்கரமான சுமை, இந்த நிலையில்தான் அறிவுத்துறையில் மிகப் பயனுள்ள சோதனைகளைச் செய்கிறேன் என்பது மட்டும் இல்லையென்றால் எப்போதோ உதறியிருப்பேன் என்கிறார். வலி நடுவில் எழுதியதற்கும், வலி போய்விட்டது என்று நம்பி எழுதியதற்கும் இருக்கும் தொனி வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

படிப்பதென்றால் அவருடைய புகழ்பெற்ற நூலான 'ஸரதுஷ்ட்ரா'வில் தொடங்காதீர்கள். 'வைகறை' 114, பிறகு 'களிப்பூட்டும் அறிவியல்' நூலின் 1886 முன்னுரை, பிறகு அதே நூலின் 338, அப்புறம் 'வம்சாவளி'யின் மூன்றாம் கட்டுரை. 'அதிகாரத்துக்கான விருப்புறுதி' என்ற தலைப்பில் கிடைப்பதை இந்த விஷயத்துக்கு ஆதாரமாக எடுக்க வேண்டாம், அது அவர் இறந்தபின் தங்கையும் மற்றவர்களும் குறிப்புகளிலிருந்து பொறுக்கித் தொகுத்தது.